காசில் ஏறிய மகாராணிகள்

என் பாட்டிக்கு ஒரு காசுமாலை இருந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை, வீட்டில் கல்யாணம் கார்த்திகை வந்தால் மூன்று தடவை, அது இரும்புப் பெட்டியை விட்டு வெளியே வரும். குழந்தைகள் நாங்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு காசாகத் திருப்பிப் பார்ப்போம். ஒன்றில் முக்காடிட்ட விக்டோரியா மகாராணி, இன்னொன்றில் தாடி வைத்த ராஜா, நடுநடுவே லக்ஷ்மி. "இது யார் பாட்டி?" என்று கேட்டால், "யாரா இருந்தா என்ன? உரைச்சா மாத்துக் குறையாம இருக்கணும். மூஞ்சியையா உருக்கப் போறோம்?" என்பாள்.

பாட்டி சொன்னது பாதிதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. காசில் இருக்கும் மூஞ்சிக்கும் கதை உண்டு. அந்த மூஞ்சி காசில் ஏறுவதற்காக எத்தனை அழுகை, எத்தனை ரத்தம், எத்தனை சமர்த்து வேண்டியிருந்தது என்று தெரிந்தால் பாட்டிகூடக் கொஞ்சம் நிதானித்துப் பார்த்திருப்பாள்.

பொற்காசை மாலையாகக் கோத்துப் போட்டுக்கொள்ளும் ஆசை நமக்கு நேற்று வந்ததல்ல. கி.பி. 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் அச்சடித்த ரோமானியப் பொற்காசுகள் தென்னிந்தியாவில் பல இடங்களில் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பலவற்றில் இரண்டு துளைகள் இருக்கின்றன. எந்த இடத்தில் தெரியுமா? சரியாகச் சக்கரவர்த்தியின் தலைக்கு மேலே! ஒற்றைத் துளை என்றால் காசு சுழலும். முகம் அந்தண்டை திரும்பிக்கொள்ளும். இரண்டு துளையிட்டுக் கோத்தால் முகம் நேராக, நிமிர்ந்து நிற்கும். துளையிட்ட தட்டான் கெட்டிக்காரன்.

அந்த முகங்கள் வந்த ஊர் கான்ஸ்டாண்டிநோபிள். இன்றைக்கு நாம் இஸ்தான்புல் என்கிறோமே, அதுதான். கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி 330-ல் அதைத் தலைநகராக்கினார். மேற்கே ரோமாபுரியில் ராஜ்யம் அழிந்த பிறகும், கிழக்கே இந்த நகரத்தில் 1453 வரையில் அது நீடித்தது. அந்த ஜனங்கள் தங்களை ரோமானியர் என்றே சொல்லிக்கொண்டார்கள். 'பைஸாண்டியம்' என்பது பின்னால் வந்த பண்டிதர்கள் வைத்த பெயர்.

கான்ஸ்டன்டைன் ஒரு பொற்காசுத் திட்டம் செய்தார். ஒரு ரோமானிய ராத்தல் தங்கத்தில் 72 காசு. ஒவ்வொன்றும் சுமார் நாலரை கிராம், அதாவது நம் கணக்கில் அரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேலே. இந்த எடைக்கு 24 விதைகள் என்று கணக்கு. நம் ஊர்ப் பத்தர்கள் குண்டுமணி வைத்து நிறுத்தார்கள் அல்லவா? அவர்கள் கரோப் என்ற மரத்தின் விதையை வைத்தார்கள். கிரேக்க பாஷையில் அந்த விதைக்குக் 'கெராட்டியன்' என்று பெயர். அதுதான் உருமாறிக் 'காரட்' ஆயிற்று. சுத்தத் தங்கம் 24 காரட் என்பதும், நகைக்கடையில் 22 காரட்டுக்கு 916 என்று முத்திரை குத்துவதும் இந்த விதைக் கணக்கின் வழியில் வந்தவைதான். அடுத்த தடவை கடைக்காரரிடம் சேதாரத்துக்குச் சண்டை போடும்போது கான்ஸ்டன்டைனையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சுமார் எழுநூறு வருஷ காலம் இந்தக் காசின் எடையும் மாற்றும் பெரும்பாலும் மாறவில்லை. யோசித்துப் பாருங்கள், எழுநூறு வருஷம்! உலகத்தில் வேறு எந்தக் காசுக்கும் இந்தப் பெருமை சுலபமாகக் கிடைக்கவில்லை. 6-ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற அலெக்ஸாண்டிரியா வியாபாரி (பின்னால் துறவியானவர்) ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். சோபாட்ரஸ் என்ற ரோமானிய வியாபாரி இலங்கைக்குப் போனான். அதே சமயத்தில் ஒரு பாரசீகனும் அங்கே வந்திருந்தான். "உங்கள் இரண்டு பேர் ராஜாக்களில் யார் பெரியவர்?" என்று இலங்கை அரசன் கேட்டான். பாரசீகன் தன் ராஜாவைப் பற்றி மூச்சுவிடாமல் அளந்தான். சோபாட்ரஸ் வாயைத் திறக்கவில்லை. கடைசியில், "இரண்டு ராஜாக்களும் இங்கேயே இருக்கிறார்களே, தாங்களே பார்த்துக்கொள்ளலாமே" என்று சொல்லி, இரண்டு நாட்டுக் காசுகளையும் கொண்டுவரச் செய்தான். ஒன்று பளபளக்கும் பொன், மற்றது வெள்ளி. அரசன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ரோமானியர் பக்கம் தீர்ப்புச் சொன்னான். சோபாட்ரஸை யானைமேல் ஏற்றி, மேளதாளத்தோடு ஊர்வலம் விட்டார்களாம். சொன்னவர் ரோமானியர் பக்கத்து மனிதர் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாதுதான்.

போகட்டும், முகங்களுக்கு வருவோம்.

பைஸாண்டியக் காசில் ஜாடையைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். எல்லோருக்கும் அகல விழித்த கண், நேர்ப் பார்வை. ஆனால் அதில் ஒரு பாஷை இருக்கிறது. தாடி இருந்தால் ஆளும் ராஜா. தாடி இல்லாவிட்டால் சிறுவன் அல்லது இளையவன். உயரமாக நிற்பவர் யார், கையில் சிலுவை பதித்த உருண்டை யாரிடம், யாருக்கு முன்பக்கம், யாருக்குப் பின்பக்கம் என்பவை எல்லாம் கணக்குப் போட்டுச் செய்தவை. பத்திரிகை கிடையாது, போட்டோ கிடையாது. சாம்ராஜ்யத்தின் மூலை முடுக்கில் இருக்கிற ஜனத்துக்கு அரண்மனையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று காசுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் ஜஸ்டினியன் என்ற சக்கரவர்த்தி, 7-ஆம் நூற்றாண்டின் கடைசியில், காசின் முன்பக்கத்தை ஏசுநாதருக்குக் கொடுத்துவிட்டு, தான் பின்பக்கம் போய், 'கிறிஸ்துவின் அடிமை' என்று எழுதிக்கொண்டான். இவ்வளவு பக்தியும் அவனைக் காப்பாற்றவில்லை. 695-ல் மூக்கை அறுத்து நாடு கடத்தினார்கள். பத்து வருஷம் கழித்து அறுந்த மூக்கோடு வந்து மறுபடி ஆண்டான். காசில் மட்டும் மூக்கு பத்திரமாக இருந்தது!

பிறகு, தெய்வத்துக்குப் படம் எழுதி வணங்கலாமா கூடாதா என்று அந்தத் தேசத்தில் பெரிய விவகாரம் கிளம்பிற்று. படம் கூடாது என்ற ராஜாக்கள் காலத்தில் காசில் அப்பா, பிள்ளை, பாட்டனார் என்று ஒரே குடும்பப் படமாக இருந்தது. நாலாம் லியோவின் காசில் செத்துப்போன பாட்டனும் அப்பனும் ஒரு பக்கம், அவனும் அவன் பிள்ளையும் மறுபக்கம்.

அந்த லியோவின் மனைவிதான் ஐரீன்.

ஆதென்ஸ் நகரத்து அநாதைப் பெண். 769-ல் அரண்மனைக்கு மருமகளாக வந்தாள். 780-ல் புருஷன் போய்விட்டான். பிள்ளைக்கு வயது ஒன்பது. பிள்ளைக்குப் பதிலாக நிர்வாகத்தை அவள் எடுத்துக்கொண்டாள். அந்தக் காலத்துக் காசைப் பாருங்கள்: ஒரே பக்கத்தில் தாயும் பிள்ளையும். ஆனால் செங்கோல் தாயின் கையில். 790-ல் பட்டாளத்தார் பிள்ளைக்குப் பரிந்துகொண்டு அவளை ஒதுக்கிவைத்தார்கள். இரண்டு வருஷத்தில் பிள்ளையே அம்மாவைத் திரும்ப அழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு வந்த காசில் முன்பக்கம் முழுவதும் அம்மா. பிள்ளை பின்பக்கத்துக்குப் போய்விட்டான். அது மாத்திரமல்ல. அப்போது அவனுக்கு இருபது வயது தாண்டிவிட்டது, கல்யாணமும் ஆகிவிட்டது. ஆனால் காசில் தாடி மீசை இல்லாத குழந்தை முகம்! எனக்கு அந்தக் காசின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றை என்னவோ செய்கிறது. பிள்ளையைப் பெரியவனாக விடாத தாயை நாமும் இரண்டொரு வீட்டில் பார்த்திருக்கிறோம். அங்கே நடந்ததோ வேறு.

797-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஐரீனின் ஆட்கள் அவனைப் பிடித்து வந்து கண்களைப் பறித்தார்கள். அவன் பிறந்த அதே அரண்மனை அறையில்! பதினேழு நாள் சூரியன் ஒளி மங்கிக் கிடந்தது என்று தியோபனஸ் என்ற துறவி தம் சரித்திரத்தில் எழுதுகிறார். இத்தனைக்கும் அவர் ஐரீனிடம் மதிப்பு உள்ளவர். தெய்வப் படங்களை மறுபடி வணங்கலாம் என்று 787-ல் நிஸீயா சபை தீர்மானம் செய்ததற்கு மூல காரணமே அவள்தானே!

இனி காசில் யாரைப் போடுவது? புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, கூட்டாளி இல்லை. படங்களை மீட்டுக்கொடுத்த பக்திமானாயிற்றே, ஏசுநாதரைப் போட்டிருக்கலாம். அதுவும் இல்லை. முன்பக்கமும் ஐரீன், பின்பக்கமும் ஐரீன்! தலையில் கிரீடம், காதோரம் இரண்டு பக்கமும் தொங்கும் முத்துச்சரம், தோளில் ரத்தினம் இழைத்த நீளமான அங்கவஸ்திரம், ஒரு கையில் சிலுவை உருண்டை, மறு கையில் செங்கோல். இரண்டு பக்கமும் 'ஐரீன் பஸிலிஸா', அதாவது 'மகாராணி ஐரீன்' என்று எழுத்து. எப்படித் திருப்பினாலும் அவள்தான். கர்வம் என்று சொல்லுவதா? எனக்கு என்னவோ அதில் ஒரு தனிமை தெரிகிறது.

மேற்கே இருந்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை. 800-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தில் ரோமாபுரியில் போப்பாண்டவர் சார்லமேனுக்குச் சக்கரவர்த்தியாக முடிசூட்டினார். அதற்கு அவர்கள் தரப்பில் சொன்ன நியாயங்களில் ஒன்று, கிழக்கே சிம்மாசனம் காலியாக இருக்கிறது என்பது. ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தால் காலி என்றுதான் அர்த்தமாம்! இரண்டு வருஷத்தில், 802-ல், அவளுடைய கஜானா மந்திரி நைஸிபோரஸே அவளைக் கவிழ்த்தான். மறு வருஷம் லெஸ்பாஸ் தீவில் அவள் கதை முடிந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை கொடுமை செய்தவள் காலத்தில் காசின் மாற்று குறையவில்லை. என் பாட்டி உரைத்துப் பார்த்திருந்தால் ஐரீன் காசை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டிருப்பாள்.

அடுத்து தியோடோரா. தியோபிலஸ் சக்கரவர்த்தியின் மனைவி. புருஷன் படங்களுக்குப் பரம விரோதி. அவளோ அந்தரங்கத்தில் வைத்துக் கும்பிடுகிறவள். ஒரு நாள் அரண்மனைக் கோமாளி இதைப் பார்த்துவிட்டான். "இவை என் பொம்மைகள்" என்று சொல்லி அனுப்பினாள். அவன் நேரே ராஜாவிடம் போய்ப் பொம்மை விஷயத்தை உளறினான். ராஜா கோபமாக வந்து கேட்டபோது, "கண்ணாடியில் என்னையும் தாதிகளையும் பார்த்துவிட்டு ஏதோ பிதற்றுகிறான்" என்று சமாளித்துவிட்டாளாம். இது பழைய கதை. கதைதான் என்றாலும், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் நோன்பு நோற்கத் தெரிந்தவர்களுக்குப் புரியும். 842-ல் புருஷன் இறந்தான். மறு வருஷமே படங்கள் திரும்பி வந்தன. காசிலும் ஏசுநாதர் திரும்பினார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் மூக்கறுபட்ட ஜஸ்டினியன் போட்டானே, அதே உருவத்தைப் பார்த்துச் செய்தது. பின்பக்கத்தில் தியோடோராவும் அவள் பிள்ளையும்.

இன்னும் இருநூறு வருஷம் தாண்டுவோம். இந்தக் கட்டத்தைத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லத் துடித்துக்கொண்டிருந்தேன். ஸோயி, தியோடோரா என்று அக்காள் தங்கை. (இவள் வேறு தியோடோரா.) அக்காளுக்கு ஐம்பது வயதில் முதல் கல்யாணம். அந்தப் புருஷன் ஸ்நான அறையில் செத்தான். அன்றைக்கே இரண்டாவது கல்யாணம். தங்கையை அதற்கு முன்னாலேயே கன்னிமாடத்தில் அடைத்தாகிவிட்டது, அடைத்தது அக்காள்தான். 1042 ஏப்ரலில், ஸோயி தத்து எடுத்த மைக்கேல் அவளையே தீவுக்கு நாடு கடத்தினான். ஊர் கொதித்தெழுந்தது. அந்தப்புரத்தை விட்டு வெளியே தலைகாட்டாத பெண்மணிகள்கூடத் தெருவில் கூக்குரலிட்டு ஓடினார்கள் என்று அதே அரண்மனையில் இருந்த ஸெல்லஸ் என்பவர் எழுதியிருக்கிறார். ஸோயியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். தியோடோராவையும் கன்னிமாடத்திலிருந்து கொண்டுவந்து முடிசூட்டினார்கள். ஒருவருக்கொருவர் ஆகாத இரண்டு கிழ ராஜகுமாரிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஏழு வாரம் ராஜ்யத்தை ஆண்டார்கள்.

அந்த ஏழு வாரத்தில் அடித்த பொற்காசு இன்று மிக அபூர்வம். முன்பக்கம் மேரி மாதா. பின்பக்கம் இரண்டு சகோதரிகளும் நடுவில் ஒரு கொடிக்கம்பத்தை ஆளுக்கு ஒரு கையால் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சச்சரவு ஏதும் காசில் தெரியாது.

ஜூன் மாதம் ஸோயி மூன்றாவது கல்யாணம் செய்துகொண்டாள். ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியானான். பொற்காசிலிருந்து இரண்டு பெண்களும் காணாமல் போனார்கள்.

இந்த அக்காள் தங்கை சுபாவத்தை ஸெல்லஸ் அழகாகச் சொல்கிறார். ஸோயி ஊதாரி; பொன்னை வாரி இறைப்பாள். கோடையிலும் அறையில் அடுப்புகளை மூட்டிவைத்துக்கொண்டு வாசனைத் திரவியங்கள் காய்ச்சுவாள். தியோடோரா நேர்மாறு. அவளுக்குப் பொழுதுபோக்கு பொற்காசுகளை எண்ணுவது. வைத்துக்கொள்ள வெண்கலப் பெட்டிகள் செய்யச் சொல்லியிருந்தாள். ஆயிரம் ஆயிரமாக எண்ணிப் பெட்டியில் போட்டுப் பூட்டுவாள்.

பாவம், அவள் எண்ணிக்கொண்டிருந்த அந்த நாளில்தான் காசுக்குள்ளே இருந்த தங்கம் மெல்லக் கரைந்துகொண்டிருந்தது! கான்ஸ்டன்டைன் ஆண்ட பன்னிரண்டு பதின்மூன்று வருஷத்தில், 24 காரட்டுக்குக் கிட்டத்தட்ட இருந்த காசு இருபதுக்கும் கீழே இறங்கியது. காசின் வடிவமும் மாறிற்று. அகலமாக, மெல்லியதாக, நடுவில் குழிந்து ஆப்பம் மாதிரி ஆயிற்று. பார்வைக்கு முன்னைவிடப் பெரிசு. எண்ணினால் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். உரைத்தால் அல்லவா தெரியும்?

1055-ல் எழுபது வயது தாண்டிய தியோடோரா தனியாகப் பட்டத்துக்கு வந்தாள். அவள் காசில் மறுபடி அந்தக் கொடிக்கம்பம். அக்காள் நின்ற மாதிரி இப்போது கம்பத்தின் மறுபுறம் பிடித்துக்கொண்டு நிற்பவள் மேரி மாதா.

அதற்குப் பிறகு சரிவு வேகம்தான். ஏழாம் மைக்கேல் (1071-78) என்ற ராஜாவுக்கு ஜனங்கள் வைத்த பட்டப்பெயர் 'பாராபினாகிஸ்'. நம் பேச்சில் 'கால் குறைச்சல்' எனலாம். ஒரு பொற்காசு கொடுத்தால் ஒரு மரக்கால் கோதுமைக்குக் கால் பங்கு குறைவாகத்தான் கிடைத்தது. அவனுடைய மந்திரி, தானியம் முழுவதும் சர்க்கார் கிடங்கில்தான் விற்க வேண்டும் என்று போட்ட உத்தரவு விலையை இன்னும் ஏற்றிவிட்டது. மைக்கேல் நன்றாகப் படித்தவன். ஸெல்லஸே அவனுக்கு வாத்தியார். படிப்பெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது? அளவு குறைந்த மரக்கால்தான் அவன் பெயராக நிலைத்தது. சமையலறையில் முணுமுணுப்பது சரித்திரத்தில் ஏறாது என்று நினைக்காதீர்கள்.

அவனுக்கு அடுத்தவன் காலத்தில் காசில் மூன்றில் ஒரு பங்குதான் தங்கம். 1080-களிலோ பேருக்குத்தான் பொற்காசு. 1092-ல் அலெக்ஸியஸ் சக்கரவர்த்தி பழையதை ஒதுக்கிவிட்டு இருபதரைக் காரட்டில் புதுக் காசு போட்டு மானத்தைக் காப்பாற்றினார். அது இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஓடியது. ஒரு காசு மட்டும் சொல்லிவிடுகிறேன். மேற்கத்தியர் பிடித்துக்கொண்ட தலைநகரத்தை 1261-ல் மீட்ட எட்டாம் மைக்கேல் அடித்தது. சுற்றிலும் கோட்டை மதில். நடுவில் கைகளை விரித்து மேரி மாதா. வீடு திரும்பியவன் போட்ட காசு அது. ஆனால் மாற்று மறுபடி இறங்கிவிட்டது. அதற்குள் பிளாரென்ஸும், பிறகு வெனிஸும் சுத்தத் தங்கத்தில் தங்கள் காசைப் போட்டு, வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டன.

கடைசியாக ஒரு மகாராணி. ஸவாய் நாட்டுப் பெண் ஆன்னா. 1341-ல் கணவன் இறந்தான். ஒன்பது வயதுப் பிள்ளை. பட்டத்துக்குப் போட்டியிட்டு எதிரே ஒரு தளபதி. ஐரீனைப் போலவே இவளும் பிள்ளையோடு காசில் நின்றாள். ஆனால் படைக்குச் சம்பளம் கொடுக்கப் பெட்டியில் பணம் இல்லை. 1343-ல் கிரீட ரத்தினங்களை வெனிஸ் நகரத்தாரிடம் அடகு வைத்தாள், 30,000 வெனிஸ் காசுக்கு. எந்தக் காசின் முகத்தைப் பார்த்து ஒரு காலத்தில் யானைமேல் ஊர்வலம் விட்டார்களோ, அந்த ராஜ்யத்துக்கு இப்போது அடுத்த ஊர்க் காசு கடனாக வேண்டியிருந்தது.

1347-ல் அந்தத் தளபதியே ஜயித்துச் சக்கரவர்த்தியாக முடிசூட்டிக்கொண்டான். கிரீடத்தில் இருந்தவை கண்ணாடிக் கற்கள். விருந்துக்குப் பொன் தட்டும் வெள்ளித் தட்டும் இல்லை. ஈயமும் மண்பாண்டமும் வைத்துப் பரிமாறினார்கள். அப்புறம் சில வருஷத்துக்குள் பொற்காசு அடிப்பதே நின்றுபோயிற்று. ஆன்னா வைத்த நகை மட்டும் வெனிஸிலேயே இருந்தது. 1453-ல் நகரம் விழுந்தபோதும் அதை யாரும் மீட்டிருக்கவில்லை.